பனியன்காரனுக்குப் பனிமலையில என்ன சோலி?

வா சாமி, வா. வண்டி நெம்ப நல்லா இருக்குது கண்ணு. காலையில இருந்து போறவன் வர்றவன் எல்லாம் ரெண்டு நிமிசம் நின்னு பாத்துட்டுத்தான் போறான். உங்க ஆத்தா எலுமிச்சம்பழத்த நாலு சக்கரத்துக்கும் வெச்சா பாரு, அது சரியான வேலை. நாலும் இழுக்கற வண்டியாச்சே, ஒண்ணுக்கு விட்டுப்போனாக் கோவிச்சுக்கும்.

இத எடுத்துக்கிட்டு டிசம்பர்ல மணாலி போறயாமா. 3,000 கிலோமீட்டருக்குக் கிட்ட. போ, நான் வேண்டாங்கல. எங்கப்பன் காலத்துல இருந்து நம்மூரு பனியன் தைக்குது, பனியப் பாத்தவன் எத்தன பேரு? உள்பக்கம் பிரஷ் பண்ணுன ஃபிளீஸ் துணியில குளிர்ச்சட்டை தைச்சு வெள்ளக்காரனுக்குக் கப்பல்ல ஏத்தறோம். தைக்கறவன் தலைக்கு மேல ஃபேன் அஞ்சுல ஓடுது. பனின்னா நமக்கு மார்கழியில வாசக்கோலத்து மேல விழுகறது. மிஞ்சிப்போனா ஊட்டிக்குப் பக்கத்துல தலைகுந்தாவுல புல்லு மேல உப்புத் தூவுன மாதிரி உறைபனி; நீ எந்திரிச்சுப் பல்லு வெளக்கறதுக்குள்ள அது கரைஞ்சு போயிரும். மணாலி ரோட்டுல கெடக்கறது வேற சாதி.

நாலு சக்கரமும் இழுத்தா என்ன லாபம்னு கேட்டா “பவரு அப்பாரு”ங்கற. பவரு எஞ்சின்ல இருக்குது கண்ணு, சக்கரத்துல இல்ல. எந்தச் சக்கரத்து மேல எவ்வளவு பாரம் உக்காந்திருக்குதோ, அதுக்குத் தக்கனதான் அதுக்குப் பிடிப்பு. ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்கற வண்டியில மத்த ரெண்டு சக்கரத்து மேல இருக்கற பாரம் இழுவைக்கு ஒத்தாசை பண்றதில்ல, சும்மா உக்காந்துட்டு வருது. உன் வண்டியில அத்தன பாரமும் வேலை செய்யும். மேடேறறதுக்கும், நின்ன எடத்துல இருந்து கெளம்பறதுக்கும் அதுதான் கை குடுக்கும். நெசமான லாபம்தான், இல்லேங்கல.

ஆனா அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்குது. போன ஐப்பசி மழையில நம்ம டிராக்டரு வாய்க்கா மேட்டுல மாட்டுச்சே, ஞாபகம் இருக்குதா? நீ அன்னிக்கு வரப்பு மேல நின்னு வீடியோ எடுத்துட்டு இருந்த. எடது சக்கரம் சேத்துல உருண்டு உருண்டு குழி பறிக்குது. வலது சக்கரம் கெட்டி மண்ணு மேல ஜம்முனு நிக்குது, ஆனா அசையல. ஏன்னு கேளு. வளைவுல திரும்பறப்ப வெளிச்சக்கரம் எச்சா தூரம் போகோணும், உள்சக்கரம் கம்மியா. அதுக்குத்தான் நடுவுல டிஃபரன்ஷியல்னு பல்சக்கரப் பெட்டி ஒண்ணு வெச்சிருக்கறான். அந்தப் பெட்டிக்கு ஒரு நாயம் உண்டு: ரெண்டு பக்கத்துக்கும் ஒரே அளவுதான் இழுவை குடுக்கும். சேத்துல இருக்கற சக்கரம் எவ்வளவு கொஞ்சமாத் தாங்குமோ, அக்கட்ட இருக்கறதுக்கும் அவ்வளவேதான். சோம்பேறிக்கு என்ன கூலியோ அதேதான் உழைப்பாளிக்கும். நாஞ் சொல்றது டிராக்டர, கம்பெனிய இல்ல.

அப்ப நான் என்ன பண்ணுனேன்? சீட்டுக்குக் கீழ, குதிகாலுக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பெடல். அத அமுக்கி மிதிச்சேன். டிஃபரன்ஷியல் லாக். ரெண்டு சக்கரமும் ஒரே அச்சுல கட்டிப்போட்ட மாதிரி ஆயிருச்சு. வலது சக்கரம் ஒரு தடவை மண்ணக் கடிச்சுது, வண்டி மேல வந்துருச்சு. உன் வீடியோவுல அந்த எடம் மட்டும் இல்ல. ஆருக்கோ போன் பேசிட்டு இருந்த.

உன் காருல அந்தப் பெடல் வேலைய கம்ப்யூட்டரு பாக்குது. சும்மா சுத்தற சக்கரத்த மட்டும் பிரேக் போட்டுப் பிடிக்கும், இழுவை அக்கட்டச் சக்கரத்துக்குப் போகும். அப்பக் காலுக்கடியில கடகடன்னு சத்தம் வரும். வண்டி கெட்டுப்போச்சுன்னு ஷோரூமுக்கு அடிச்சிராத.

அப்பறம் நாலு சக்கரத்தையும் இழுக்க வெக்கற அந்தக் கம்பி. உங்க சித்தப்பன் வண்டி ஆல் வீல் டிரைவு. நடுவுல ஒரு கிளட்சு இருக்குது, எந்தப் பக்கம் வழுக்குதுன்னு பாத்து அதே பங்கு போட்டுக்கும். உன்னுது கம்பிய இழுத்து நீயே போடோணும். போட்டா முன்னச்சும் பின்னச்சும் ஒட்டுக்காக் கட்டுன மாதிரி. காஞ்ச தார் ரோட்டுல அதப் போட்டு வளைச்சீன்னா முன்னச்சு ஒரு தூரம், பின்னச்சு ஒரு தூரம், ரெண்டும் ஒண்ணையொண்ணு முறுக்கிக்கிட்டு நிக்கும். போன வாரம் அவிநாசி ரோட்டுல போட்டுட்டுப் போய், “ஸ்டீரிங் கெட்டியா இருக்குது, கம்பீரமா இருக்குது”ன்னு சொன்ன. கம்பீரம் இல்ல சாமி, அது பல்சக்கரம் அழுகற சத்தம்.

சரி, இப்ப டயருக்கு வா. பையன் வயசுல நான் சாயப்பட்டறையில வேலை பாத்தேன். தரையெல்லாம் சோப்புத் தண்ணி. மொதலாளி எங்களுக்கு புது பூட்ஸ் வாங்கிக் குடுத்தாரு. கெட்டி ரப்பரு, அடி வழுவழுன்னு. போட்ட அன்னிக்கே மூணு பேரு குப்புற விழுந்தோம். மறுநாள் கழட்டி வீசிட்டு வெறுங்காலோட நடந்தோம், ஆரும் விழுகல. ஒடம்புல தெம்பு அதேதான். மாறுனது தரைக்கும் நமக்கும் நடுவுல இருந்த ரப்பரு.

உன் வண்டியில போட்டிருக்கறது நம்மூரு வெயிலுக்குச் செஞ்ச டயரு. குளிரு 7 டிகிரிக்குக் கீழ போனா அந்த ரப்பரு, பழசான ஜட்டி எலாஸ்டிக் மாதிரி வெறைச்சுப் போகும். பனி டயருக்கு வேற ரப்பரு, குளிருலயும் மெத்துன்னு இருக்கும். மேல மயிரிழை மாதிரி கீறல் கீறலா வெட்டி விட்டிருப்பான். வழுவழு சிங்கிள் ஜெர்சித் துணிக்கும் வரிவரியான ரிப்புத் துணிக்கும் உண்டான வித்தியாசம்னு வெச்சுக்க. கீறலுக்குள்ள பனி போய் அடைச்சுக்கும். பனி பனியத்தான் நல்லாப் பிடிக்கும். நாலு சக்கரம் இழுத்தும் கோடைக்கால டயரு போட்டவன விட, ரெண்டு சக்கரம் இழுத்து பனி டயரு போட்டவன் வளைவுலயும் பிரேக்லயும் கெட்டிக்காரன்.

பிரேக்குன்னதும் ஞாபகம் வருது. நாலு சக்கரமும் இழுக்கறது உன் வண்டி மாதிரி சிலதுக்குத்தான். நாலு சக்கரமும் பிரேக் பிடிக்கறது நம்ம துணி ஏத்தற மினி டெம்போவுக்கும் உண்டு. நீ குடுத்த எச்சுக் காசு வெசையாக் கெளம்பறதுக்கு. நிக்கறதுக்கு ஒரு ரூவா கூடக் குடுக்கல. நாம துணியக் கிலோவுல அளக்கற ஊரு, இருந்தாலும் இத மீட்டர்லதான் சொல்லோணும். 40 கிலோமீட்டர் வேகத்துல பிரேக் போட்டா, காஞ்ச தார் ரோட்டுல 9 மீட்டருக்குள்ளார நிப்ப. ஐஸ் மேல 60 மீட்டரத் தாண்டும். அதுலயும் கொடுங்குளிரு ஐஸு கொஞ்சமாச்சும் பிடி குடுக்கும். பூஜ்யத்துக்குப் பக்கத்துல, மேல தண்ணிப் படலத்தோட இருக்குது பாரு, அதுதான் எமன். மத்தியானம் உருகி, பொழுது சாய நெழல் வளைவுல மறுபடி உறையறது.

டயரோட பிடிப்பு சனிக்கெழம சம்பளக் கவரு மாதிரி. வாடகையும் அதுலதான், மளிகையும் அதுலதான். இழுக்கறது, திரும்பறது, நிக்கறது மூணுக்கும் ஒரே கவரு. ஐஸ் மேல கவருல ஒத்த நூறு ரூவா நோட்டுத்தான். திரும்பிக்கிட்டே பிரேக் போடறவனுக்குக் கடன்தான் மிஞ்சும்.

மணாலிக்கு மேல அடல் சுரங்கம் 2020 அக்டோபர்ல தெறந்தாங்க, 9 கிலோமீட்டரு நீளம், 3,000 மீட்டர் ஒசரத்துக்கு மேல. அதுக்கு முன்னால பனிக்காலத்துல ரோதாங் கணவாய் அடைச்சுட்டா அவ்வளவுதான். இப்ப எல்லாரும் டிசம்பர்லயே அங்க. 2024 டிசம்பர் 23-ல சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் நடுவுல சுமார் ஆயிரம் வண்டி மாட்டுச்சு. பனி விழுந்தா போலீஸ்காரரு நாலு சக்கரம் இழுக்கற வண்டிய, இல்லாட்டி செயின் போட்ட வண்டியத்தான் மேல விடுவாரு. ஏற விடறாரு கண்ணு. எறங்கறது உன் பாடு.

“செயின் வாங்கீட்டியா”ன்னு கேட்டதுக்கு கழுத்தத் தொட்டுப் பாத்த பாரு, அங்கதான் எனக்கு வயிறு கலங்குச்சு. டயருக்குப் போடற இரும்புச் செயினு சாமி! பவுன் கணக்கு இல்ல. அத இங்கயே வாசல்ல ரெண்டு தடவை மாட்டிக் கழட்டிப் பழகு. அங்க வெரலு வெறைச்சுப் போயிருக்கும், கொக்கி எந்தப் பக்கம்னு தெரியாது. உனக்குக் காதர்பேட்டையில ரெண்டு தெர்மல் எடுத்து உங்க ஆத்தாகிட்டக் குடுத்திருக்கறேன், பையில வெப்பா. பொறவு முன்னாடி போற வண்டிய ஒட்டியே போ, போட்டோவுக்கு நல்லா இருக்கும். எறக்கத்துல கியர நியூட்ரல்ல விட்டுரு, டீசல் மிச்சமாகும். நான் சொன்னா எப்பவும் எதிராத்தான பண்ணுவ? அந்த தைரியத்துலதான் சொல்றேன்.

இன்னொண்ணு. பனிக்குன்னே செஞ்ச டயருல பக்கவாட்டுல ஒரு சின்னப் படம் இருக்கும்: மூணு முகடு இருக்கற மலை, அதுக்குள்ள ஒரு பனிப்பூ. உன்னுதுல இருக்குதான்னு பாத்துட்டு வா.

இத்தனை நேரம் தலையாட்டிக்கிட்டு இருந்தவன் கம்முனு எந்திரிச்சுப் போனான். செல்போன் வெளிச்சத்தப் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலயும் குத்தவெச்சு உக்காந்து, எலுமிச்சம்பழ நசுக்கலத் தொடச்சுத் தொடச்சுப் பாக்கறான்.

“என்னத்தத் தேடறான் அவன்?”னு உள்ள இருந்து அவன் ஆத்தா கேக்கறா.

“பனிமலையத்தான் தேடறான். இங்கயே கெடைச்சுட்டா மணாலி வரைக்கும் எதுக்கு?”