'னு சொன்னாருங்க'

திருப்பூர் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசரைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். வலது காதில் சாயப்பட்டறை மாஸ்டர், இடது காதில் ஜெர்மன் பையர். நடுவே உள்ள மண்டைக்குள் 'வில்'லும் 'வுட்'டும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தவர் சொன்னதை எடுத்துச் சொல்வதுதான் இவர் பிழைப்பு. நிட்டிங்காரர், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பவர்டேபிள் கான்ட்ராக்டர் என்று பகலெல்லாம் கேட்டதைச் சாயங்காலத்துக்குள் ஆங்கிலமாக்கி மெயிலில் ஏற்ற வேண்டும். முதலாளியிடம் சொல்வதென்றால் கஷ்டமே இல்லை. "நாளைக்குத் துணி வந்துரும்" என்பதன் வாலில் "னு சொன்னாருங்க" என்று ஒட்டிவிட்டால் தீர்ந்தது. வருவது வருவதாகவே இருக்கும், நாளை நாளையாகவே இருக்கும். ஆங்கிலத்திலோ 'செட்' என்று வாயைத் திறந்ததுமே 'வில்' 'வுட்' ஆகிறது, 'டுமாரோ' 'தி நெக்ஸ்ட் டே' ஆகிறது. பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காக உருப்போட்ட விதி, ஷிப்மென்ட் நேரத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் விதி பிசகாமல்தான் எழுதினார். "துணி மறுநாள் வரும் என்று மாஸ்டர் சொன்னார்" என்பதற்குச் சுத்தமான ஒரு 'வுட்'. பையரிடமிருந்து ஒரே வரியில் பதில்: "சரி, வந்ததா இல்லையா?"

அன்றிலிருந்து இலக்கணத்தைத் தற்காப்புக் கலையாகப் பயில ஆரம்பித்தார். மாஸ்டர் போனில் "துணி ரெடிங்க" என்கிறார். அதை எழுதும்போது 'இஸ்' போடலாம், 'வாஸ்'ஸும் போடலாம். ஆங்கிலம் இரண்டுக்கும் இடம் தருகிறது. ஆனால் 'இஸ்' போட்டால் மாஸ்டருக்கு இவரும் ஜாமீன் நிற்கிறார் என்று ஆகிவிடும். 'வாஸ்' போட்டால் சொன்னது அவர், இவர் காதில் வாங்கியதோடு சரி. தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டு, சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு கம்பெனி தலையில் விழும் நாளில் பழைய மெயிலையெல்லாம் தோண்டி எடுப்பார்கள். அப்போது தெரியும் 'வாஸ்'ஸின் அருமை.

2011 ஜனவரியில், நொய்யல் ஆற்று மாசுக்காகச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதே, அந்தக் காலத்தைச் சீனியர் ஒருவர் இப்படித்தான் நினைவுகூர்கிறார்: "பொழப்பு போச்சுங்க. ஆனா டென்ஸ்ல மட்டும் குழப்பமே இல்லீங்க. மூடியிருக்குன்னா மூடியிருக்கு."

மாஸ்டரையும் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. "துணி வந்துருச்சுங்க" என்பார். வண்டி வீரபாண்டிப் பட்டறையை விட்டுக் கிளம்பியே இருக்காது. இதைப் பொய் என்பான் வெள்ளைக்காரன். நமக்கு அது காலவழுவமைதி. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு இவற்றால் காலம் மாறி வந்தாலும் குற்றமில்லை என்று நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் எப்போதோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவரைப் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு நாட்டார் சொந்தம் கொண்டாடுவார்கள். நம்மூர்ப் பக்கம் பிறந்தவர் வேறெப்படி எழுதியிருக்க முடியும்!

போன வாரம் நம் மெர்ச்சண்டைசரின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். 'துணி இன்னும் சாயத்தில் இருக்கிறது என்று மாஸ்டர் சொன்னார்' என்ற வாக்கியத்தில், துணிச்சலாக 'இஸ்' போட்டிருந்தார்.

"ஏனுங்க, எப்பவும் 'வாஸ்'தானே போடுவீங்க?"

"பூமி சூரியனைச் சுத்துதுன்னு வாத்தியார் சொன்னார்னு எழுதினா, சுத்துறதை மாத்தச் சொல்லமாட்டாங்க இல்லீங்களா? உலக உண்மைக்கு டென்ஸ் மாத்தக் கூடாதுங்க" என்றார், மெயிலை அனுப்பிக்கொண்டே.