மெட்டாலிகா கெட்டுப்போன கதையைச் சொல்வது எப்படி?

உங்கள் ராக் குழு புது ஆல்பம் போட்டிருக்கிறது. ஆசையாகக் கேட்டீர்கள். பழைய மாதிரி இல்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டில் சொன்னால், "அதுக்கென்ன, வேற பாட்டு கேளேன்" என்பார்கள். பதறாதீர்கள். இந்தத் துறையில் எனக்கு 1996 ஜூன் முதல் அனுபவம் உண்டு. 'லோடு' ஆல்பம் வந்த மாதம் அது. ரசிகர்களுக்குக் குறை சொல்லும் வேலையை இவ்வளவு தாராளமாகக் கொடுத்த குழு மெட்டாலிகாவைப் போல வேறில்லை என்பதால், பாடம் முழுவதையும் அவர்களை வைத்தே நடத்திவிடுகிறேன்.

முதலில், துரோகம் நடந்த வருடம் எது என்று முடிவு செய்யுங்கள். இதில் கோட்டை விட்டால் மற்றதெல்லாம் பிசகிவிடும்.

மெட்டாலிகா தொடங்கியது 1981இல், லாஸ் ஏஞ்சல்ஸில். 1983இல் முதல் ஆல்பம் 'கில் 'எம் ஆல்'. கடிவாளம் இல்லாத வேகம். அடுத்த வருடமே 'ரைடு தி லைட்னிங்'. அதில் 'ஃபேட் டு பிளாக்' என்ற பாட்டு அக்கூஸ்டிக் கிட்டாரின் மெல்லிய மீட்டலோடு தொடங்கியதும், "விலைபோயிட்டாங்க" என்ற முதல் குரல் எழுந்தது. அப்போது குழுவுக்கு வயது மூன்று. 1986 செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் அவர்களுடைய பேருந்து கவிழ்ந்து பேஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்தார், வயது 24. அதோடு மெட்டாலிகா முடிந்தது என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் மட்டும் வாதாடாதீர்கள், அது வேறு துக்கம். வீடியோவே எடுக்க மாட்டோம் என்று வீம்பாக இருந்தவர்கள் 1989இல் 'ஒன்' பாட்டுக்கு முதல் வீடியோ எடுத்தார்கள். ஒரு கோஷ்டி அங்கே இறங்கிக்கொண்டது. 1991இல் கறுப்பு அட்டை போட்ட ஆல்பம் வந்து உலகமெல்லாம் விற்றது. பெரிய கூட்டம் ஒன்று அங்கே இறங்கியது.

ஆக, எந்த வருடத்தை எடுத்துக்கொள்வது? சூத்திரம் எளிது. நீங்கள் எந்த ஆல்பத்தில் ஏறினீர்களோ அதுதான் கடைசி நல்ல ஆல்பம். அடுத்தது துரோகம். முண்டியடித்து டவுன் பஸ்ஸில் ஏறி உள்ளே ஒரு கம்பியைப் பிடித்துவிட்ட அடுத்த நொடி, படியில் தொங்குபவனைப் பார்த்து "இடமில்லப்பா, அடுத்த வண்டியில வா" என்கிறோமே, அதே நியாயம்.

நான் ஏறியது கறுப்பு ஆல்பத்தில். 1993, கல்லூரி விடுதி, இரவல் கேசட். அட்டை முழுக்கக் கறுப்பு. ட்யூப்லைட் பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் மூலையில் சுருண்டு கிடக்கும் பாம்பு தெரியும். அந்தப் பாம்பைக் கண்டுபிடித்த ராத்திரியே நான் ரசிகன். 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' பாட்டின் தொடக்கத்தை வாசிக்க இடது கைக்கு வேலையே இல்லை. கம்பிகளைச் சும்மா விட்டு வலது கையால் ஒவ்வொன்றாக மீட்டினால் போதும். குழுவின் பாடகர், கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுக்கு அது கிடைத்ததே அப்படித்தான்: ஒரு கையில் காதலியோடு பேசும் தொலைபேசி, இன்னொரு கை கிட்டாரில். எங்கள் விடுதியில் இருந்த ஒரே கிட்டாரில் அந்த நான்கு கம்பியை மீட்டாத ஆள் கிடையாது, மெஸ் பையன் உட்பட.

மூன்றாம் வருட அண்ணன் ஒருவர் கதவோரம் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதெல்லாம் மெட்டாலிகாவாடா? 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' கேட்டுட்டு வந்து பேசு." அவரை அன்றைக்கு நான் வெறுத்தேன். மூன்று வருடம் கழித்து 'லோடு' வந்தபோது, ஒரு ஜூனியர் பையனிடம் அதே கதவில் சாய்ந்துகொண்டு அதே குரலில், ஆல்பத்தின் பெயரை மட்டும் மாற்றிச் சொன்னேன். இந்தத் தொழில் அப்படித்தான் கைமாறுகிறது.

அடுத்து, புது ஆல்பத்தைக் கேட்கும் முறை. ஒரே ஒரு தடவை கேளுங்கள், அதுவும் பாதி. மிக்ஸி ஓடும் நேரம் உத்தமம். மூன்றாவது தடவை கேட்பது ஆபத்து; பிடித்துப்போய்விடும். எனக்கே 'லோடு' ஆல்பத்தில் 'பிளீடிங் மீ' என்ற எட்டு நிமிடப் பாட்டில் அப்படி ஒரு விபத்து நேர்ந்தது. பல வருடம் சத்தத்தைக் குறைத்து வைத்து ரகசியமாகக் கேட்டேன், அறைக்குள் ஒளிந்து சிகரெட் பிடிப்பதைப் போல.

கேட்பதைவிட ஆதாரம் திரட்டுவது முக்கியம். 'லோடு' விஷயத்தில் முதல் ஆதாரம் தலையிலேயே இருந்தது: திருப்பதிக்குப் போகாமலே நான்கு பேரும் முடி இறக்கியிருந்தார்கள். உள்ளட்டைப் படத்தில் கண்ணுக்கு மை வேறு. குழுவின் பெயரில் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் ஈட்டிபோல நீண்டிருந்த கால்களையும் ஒட்ட நறுக்கிவிட்டார்கள். "பாட்டு எப்படி?" என்று யாராவது கேட்டால், "முடியைப் பார்த்தீங்கல்ல?" என்று சொல்லுங்கள். போதும். பாட்டுக்குள்ளே போனால் சிக்கல்.

சிக்கல் என்னவென்று சொல்லிவிடுகிறேன், கத்துக்குட்டிகள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். பழைய ஆல்பங்களில் தாளத்துக்கான கிட்டார் முழுவதையும் ஹெட்ஃபீல்டே வாசித்தார். ஒரே வாசிப்பை மேலே மேலே அடுக்கிச் செய்த சுவர் அது. 'லோடு'வில் இன்னொரு கிட்டார் கலைஞரான கிர்க் ஹேமட்டும் தாளத்துக்கு வாசித்தார். இரண்டு பேர் கை சேர்ந்ததும் சுவரில் இடைவெளி விழுந்தது, அதன் வழியே ப்ளூஸ் காற்று வந்தது. கிட்டார் சுருதியை அரைப்படி இறக்கினார்கள். 'மாமா செட்' என்று அமெரிக்க நாட்டுப்புறச் சாயலில் ஒரு பாட்டு. (அம்மாவைப் பற்றியது, தலைப்பைப் பார்த்து நம் ஊர் மாமாவை நினைக்க வேண்டாம்.) 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாட்டில் வலது கை மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே அடிக்கும், நிமிடத்துக்கு 200 தாளத்தைத் தாண்டிய வேகத்தில். அதைப் பதிவு செய்தபோது ஹெட்ஃபீல்டுக்கு 22 வயது. 'லோடு' வந்தபோது 32. அந்த மணிக்கட்டு அப்படியே இருக்க வேண்டும், அந்தக் கோபமும் அப்படியே இருக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. நமக்கு இதற்குள் வேலை கிடைத்து, பி.எஃப். பிடித்து, தொப்பை வைத்திருக்கலாம். அது வேறு விஷயம்.

அடுத்தது வில்லன். குழுவில் இருப்பவர்களைத் திட்டக் கூடாது, அவர்கள் நம் பிள்ளைகள். "பையன் தங்கமானவன், வந்தவதான் மாத்திட்டா" என்று மாமியார்கள் சொல்வார்களே, அந்த மருமகள் நமக்கும் வேண்டும். மெட்டாலிகா வீட்டுக்கு 1990இல் வாழவந்த மருமகள் தயாரிப்பாளர் பாப் ராக். வேகத்தைக் குறைத்தார், பாட்டைச் சுருக்கினார், ஹெட்ஃபீல்டைக் கத்தவிடாமல் பாடவைத்தார். குற்றப்பட்டியல் நீளம். அவரை விலக்கச் சொல்லி ரசிகர்கள் சுமார் 1,500 பேர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். நான் போடவில்லை. நான் ஏறிய ஆல்பத்தைச் செய்தவரே அவர்தான் என்ற கூச்சம்.

இனி வருவது செய்முறைப் பயிற்சி. தேவையான பொருட்கள்: எவர்சில்வர் குடம் ஒன்று, கனத்த கரண்டி ஒன்று. குடத்தைத் தரையில் கவிழ்த்து விளிம்போரமாக ஓங்கி அடியுங்கள். அடித்த பிறகும் 'டாங்ங்' என்று இழுக்கிறதல்லவா? 2003இல் வந்த 'செயின்ட் ஆங்கர்' ஆல்பத்தை நீங்கள் ஏறக்குறைய கேட்டுவிட்டீர்கள். ஸ்னேர் டிரம்மின் அடித்தோலை ஒட்டி மெல்லிய கம்பிச்சுருள்கள் இருக்கும். பக்கவாட்டு நெம்புகோலைப் போட்டால் அவை தோலைத் தொட்டு, அடி 'சட்' என்று விழும். எடுத்துவிட்டால் வெறும் பாத்திரம். ஒரு நாள் டிரம்மர் லார்ஸ் உல்ரிக் அதைப் போட மறந்தார். ஒலிப்பதிவைக் கேட்டார். நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார். எழுபத்தைந்து நிமிட ஆல்பம்.

அதில் கிட்டார் தனி ஆவர்த்தனம் ஒன்றுகூட இல்லை. தனி இல்லாத கச்சேரியைச் சபாவில் நினைத்துப் பாருங்கள், மிருதங்கக்காரர் முகத்தை நினைத்துப் பாருங்கள். ஹேமட்டின் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமானால் 'சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்' என்ற ஆவணப்படம் இருக்கிறது. தனி வேண்டாம் என்று மற்றவர்கள் சொல்ல, தனியை நீக்கினால்தான் இந்த ஆல்பம் ஒரு காலகட்டத்தின் சரக்காகிவிடும் என்று அந்த மனிதர் பொறுமையாக வாதாடுவார். குழுவைச் சேர்த்துவைக்க மாதம் 40,000 டாலர் சம்பளத்தில் ஓர் ஆலோசகரையும் வைத்திருந்தார்கள். ரசிகர்களுக்கு யாரையும் வைக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சரி, ஒருவேளை அவர்கள் திருந்திவிட்டால்? 2008இல் அந்த அபாயமும் நேர்ந்தது. மருமகள் போய், தயாரிப்பாளராக ரிக் ரூபின் வந்தார். 'டெத் மேக்னடிக்' ஆல்பத்தில் நீண்ட பாட்டு, பழைய வேகம், தனி ஆவர்த்தனம், எல்லாம் திரும்பி வந்தன. பதினேழு வருடமாக நாம் கேட்டதெல்லாம் அப்படியே. இந்த நிலைமையில் கைகொடுக்கும் வாக்கியம்: "தங்களையே காப்பியடிக்கிறாங்க." கூடுதலாக ஒரு வரப்பிரசாதமும் கிடைத்தது. ஆல்பத்தின் சத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றியதில் ஒலி பிசிறடித்தது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ விளையாட்டில் பிசிறில்லாமல் இருந்தன. ரசிகர்கள் கணினியில் இரண்டின் அலைவடிவத்தையும் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தார்கள்: விளையாட்டினுடையது மலைத்தொடர், ஆல்பத்தினுடையது செங்கல். மறுபடி கலந்து தாருங்கள் என்று 10,000 பேருக்கு மேல் மனுப் போட்டார்கள். அந்தச் செங்கல் படத்தை நானும் அலுவலகப் பிரிண்டரில் எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். பிசிறு உண்மையிலேயே இருக்கிறது. நம் தொழிலில் நியாயம் நம் பக்கம் இருந்த அபூர்வமான தருணம் அது.

நேரில் போய்ப் பார்க்க நேர்ந்தால் கைகட்டிக்கொண்டு நிற்கவும். தலையாட்டக் கூடாது. 2011 அக்டோபர் 30, பெங்களூரு அரண்மனை மைதானம். இரண்டு நாள் முன்னால் தில்லிப் பக்கம் நடக்க வேண்டிய கச்சேரி கடைசி நேரத்தில் ரத்தாகி, கூட்டம் மேடையை உடைத்திருந்தது. சென்னையிலிருந்து ராத்திரி ரயில். கைகட்டியபடியே போய் நின்றேன். 'என்டர் சாண்ட்மேன்' தொடங்கியபோது கை எங்கே போனது என்று தெரியவில்லை. பக்கத்தில் என்னைவிட மூத்த ஒருவர், நரைத்த மீசை, நிச்சயம் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' கட்சி, கறுப்பு ஆல்பத்துப் பாட்டுக்குத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் பார்த்தோம். பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டோம். நல்ல வேளை, மறுநாளே பாடகர் லூ ரீடோடு சேர்ந்து அவர்கள் செய்த 'லூலூ' வெளியானது. திங்கட்கிழமை முதல் வேலை பழையபடி தொடங்கியது.

கடைசியாக, ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். 2016, 2023, எப்போது ஆல்பம் வந்தாலும் முதல் நாளே வாங்கிவிடுவேன். கேட்காமல் எப்படித் திட்டுவது?

இப்போது அக்கா மகனுக்குப் பதினாறு வயது. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' கேட்டுவிட்டு உள்ளே வந்த தலைமுறை. எது முதலில், எது பிறகு என்ற வரிசையெல்லாம் அவர்களுக்கு இல்லை, கையில் கிடைத்ததைக் கேட்கிறார்கள். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் இருந்த சம்படத்தின் மேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். டாங், டாங். எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

"மாமா, 'செயின்ட் ஆங்கர்' செமையா இருக்கு. இந்த டிரம் சவுண்டுதான் கெத்தே. இதுக்கு அடுத்த ஆல்பத்துல ஏன் மாமா கெடுத்துட்டாங்க?"

அவனுக்கு ஒரு அதிரசம் எடுத்து வைத்தேன். பிறகு சட்டைப்பையில் அந்தச் செங்கல் படம் இன்னும் இருக்கிறதா என்று தேடினேன்.