பி.எஸ்சி. சாம்பல், முதலாம் ஆண்டு

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 2025-ல் குருகிராமில் கடை திறந்தது. ஐ.டி. பூங்காக் கட்டடம் ஒன்றுக்குள் வகுப்பறைகள். அதற்குப் பெயர் சர்வதேச வளாகம். இவ்வளவு கடல் தாண்டி என்னென்ன இளங்கலைப் படிப்புகளைச் சுமந்துவந்திருக்கிறார்கள் என்று ஆவலோடு பார்த்தேன். கணக்கியலும் நிதியும், வணிக மேலாண்மை, கணினி அறிவியல், பொருளாதாரம். அதாவது பி.காம்., பி.பி.ஏ., கம்ப்யூட்டர் சயின்ஸ், எக்கனாமிக்ஸ். வெள்ளைக்காரன் முன்பு மிளகு வாங்க வந்தான், இப்போது பி.காம். விற்க வந்திருக்கிறான்.

ஆண்டுக் கட்டணம் 13 லட்சத்து 20 ஆயிரம். எங்கள் எண்ணூர், கத்திவாக்கம் பக்கம் அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அவள் பஸ்ஸுக்குக்கூட ஒரு பைசா எடுக்காமல் அப்படியே சேர்த்துவைத்தால், 110 ஆண்டில் முதலாம் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிவிடலாம். இரண்டாம் ஆண்டைப் பேத்தி பார்த்துக்கொள்வாள்.

இதற்கெல்லாம் வழிவிட்டது 2023 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு போட்ட விதிகள். உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் இருந்தால் போதும், வரலாம். கட்டணம் அவர்கள் சொல்வது, சேர்க்கை அவர்கள் வைப்பது, மிஞ்சிய பணத்தைத் தாய்நாட்டுக்கு எடுத்துப் போகலாம். இட ஒதுக்கீடு கட்டாயமில்லை. 69 சதவீதத்தைக் காப்பாற்ற அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை வரைக்கும் போன மாநிலம் இது. அந்த 69-ஐயும் இந்த வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தேசியக் கல்விக் கொள்கையை மேடை மேடையாகத் திட்டித் தீர்த்த மாநில ஆட்சியாளர்கள்தான், ஊத்துக்கோட்டைப் பக்கம் சுமார் 870 ஏக்கரில் அறிவு நகரம் அமைத்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு இடம் கொடுப்போம் என்று 2022-ல் அறிவித்தார்கள். அந்த மாவட்டத்தின் மேற்கே அறிவு நகரம். கிழக்கே அனல் மின்நிலையத்தின் சாம்பல் குளம். நகரமைப்பு என்றால் இது நகரமைப்பு.

எங்களுக்குப் பொறாமை இல்லை. எங்கள் ஊரில் சர்வதேச வளாகம் 1970-லேயே, எண்ணூர் அனல் மின்நிலையத்தோடு திறந்தாயிற்று. நிலையத்தை 2017-ல் மூடிவிட்டார்கள். அதனாலென்ன, பாடம் நிற்கவில்லை. இந்தோனேசிய நிலக்கரி, வெளிநாட்டுக் கப்பல்கள், அசாம் தொழிலாளிகள் என்று எந்தத் தரவரிசைக்காரன் கேட்டாலும் காட்ட ஆள் இருக்கிறது. கொடியில் காயப்போட்ட பள்ளிச் சீருடையை இரண்டு உதறு உதறிவிட்டுத்தான் பிள்ளைக்குப் போடுவார்கள் இங்கே. பறக்கிற கறுப்புத் தூள்தான் பாடப்புத்தகம்.

கணக்கியலும் நிதியும் என்றார்களே, அதற்கு 2023 டிசம்பர் ஒன்றே போதும். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. படகு, வலை, அலையாத்தி வேர், கூழைக்கடாவின் இறக்கை எல்லாம் ஒரே நிறம். பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்களின் உடம்பிலும் அதே நிறம். அரசு நிவாரணம் அறிவித்தது: மீனவக் குடும்பத்துக்கு 12,500, படகுக்கு 10,000, கத்திவாக்கத்தின் மற்றக் குடும்பங்களுக்கு 7,500. ஒன்பதாயிரம் குடும்பங்கள், 787 படகுகள், மொத்தம் 8 கோடியே 68 லட்சம். இப்போது தேர்வுக் கேள்வி. இந்தத் தொகை குருகிராமில் எத்தனை மாணவர்களின் ஓராண்டுக் கட்டணம்? விடை: 66-க்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கழிமுகத்தின் விலை ஒரு வகுப்பறை. முழு மதிப்பெண்.

வேதியியல் செய்முறை அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் நடந்தது. கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் பெரியகுப்பத்துக்கு எதிரே கசிந்தது. வருகைப்பதிவு நூறு சதவீதம். தூக்கத்திலிருந்து எழுந்து, ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு, குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரே தெருவுக்கு வந்து கற்றது. பலர் ஆஸ்பத்திரியில் படுத்துப் படித்தார்கள். மாசு அகற்றும் தொழில்நுட்பம் என்றொரு பாடமும் உண்டு: 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால் அள்ளினோம். 2023-லும் வாளியால்தான் அள்ளினோம். நல்ல பாடத்திட்டம் அடிக்கடி மாறாது.

மேலாண்மைக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம். எண்ணூர் அனல்மின் விரிவாக்கத்துக்கு, 660 மெகாவாட்டுக்கு, 2024 டிசம்பரில் ஒன்று நடத்தினார்கள். மூடிய அடுப்பை மறுபடி மூட்டலாமா என்று மூச்சு வாங்குகிறவனைக் கூப்பிட்டுக் கேட்பதில் ஒரு நாகரிகம் இருக்கத்தான் செய்கிறது. வேண்டாம் என்று எழுந்து நின்று சொன்னார்கள். குறித்துக்கொண்டார்கள். அதுதான் கூட்டம்.

2025 செப்டம்பர் 30-ஆம் தேதியை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று தெரியவில்லை. எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் செத்தார்கள். வடகிழக்கிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். சவப்பெட்டிகள் விமானத்தில் போயின; விமானத்தில் போக வேண்டுமென்று அவர்கள் ஒருநாள் ஆசைப்பட்டிருக்கலாம். இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை, கெட்ட வார்த்தைதான் வருகிறது. பத்திரிகையில் போட மாட்டார்கள்.

அடுத்து மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் சென்னைக்கு வரப்போகிறதாம். அனுமதி கிடைத்துவிட்டது. பெர்த்தில் அவர்களுக்குக் கடலுக்கென்றே தனி ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அலை, மீன், படுகை, கரை என்று ஆராய்கிறார்கள். அவர்களுடையதும் இந்துமாக் கடல்தான். மனமிருந்தால் அந்த ஒன்றைக் கொண்டுவரட்டும். முகத்துவாரத்துச் சேற்றில் என்ன ஈயம், என்ன பாதரசம் கிடக்கிறது, இந்த இறாலைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று காட்டுக்குப்பத்து மீனவப் பெண்ணுக்குத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அதற்கு ஆய்வகம் வேண்டும், கருவி வேண்டும், பக்கத்து ஆலைகளோடு மல்லுக்கு நிற்கும் தைரியம் வேண்டும். பி.காம். நடத்த ஒரு புரொஜெக்டரும் ஏ.சி.யும் போதும்.

எதைக் கொண்டுவருவார்கள் என்று பந்தயம் கட்டக் கத்திவாக்கத்தில் யாரும் தயாரில்லை. கட்டினாலும் எல்லாரும் ஒரே பக்கம்தான் கட்டுவோம்.