லண்டன் பஸ்ஸில் ‘கெட் டவுன்’ கிடையாது

ஹரோ, லண்டன்.

அன்புள்ள நானாவுக்கு,

  

உங்கட மகள் இங்க படிக்க வாறதுக்கு முந்தி அவட இங்கிலீஷைத் திருத்தித் தரச் சொல்லியிருந்தீங்க. அனுப்பின கட்டுரையை வாசிச்சேன். எழுத்து அழகு, இலக்கணம் சுத்தம், டியூஷன் காசு வீண் போகல்ல. ஒரே ஒரு வினைச்சொல்லைப் பத்தித்தான் கதைக்க இருக்கு. “மாளிகாவத்தையில கெட் டவுன் ஆகிறேன்” எண்டு ஒரு வசனம். “வாப்பா ஜப்பானில இருந்து என்ஜின் கெட் டவுன் பண்றார்” எண்டு இன்னொரு வசனம். ரெண்டும் கொழும்பில நூத்துக்கு நூறு சரி. ப்ளேன் ஏறினாத்தான் கரைச்சல்.

முதல்ல பஸ்ஸைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்து பஸ்ஸில “இறக்கம்” எண்டு சத்தம் போடுவாங்க. நம்ம பக்கம் சிங்களத்தில “பஹினவா” எண்டு கத்தினா, ட்ரைவர் பஸ்ஸை நிப்பாட்டினதும் இல்ல, நிப்பாட்டாததும் இல்ல எண்ட நிலையில வச்சிருப்பார். ஒரு கையால கம்பியைப் பிடிச்சு, முகத்தை பஸ் போற பக்கமா வச்சு, ரோட்டில காலை ஊண்டி நாலு எட்டு ஓடி நிக்கணும். அப்படி இறங்கிறதுக்கு ‘கெட் டவுன்’ எண்ட பேர் கூடப் போதாது. இங்க பட்டனை அமத்தினா மணி அடிக்கும், ஹோல்ட்டில பஸ் முழுசா நிக்கும், நடுக்கதவு திறக்கும். 2005ஆம் ஆண்டு முடியக்குள்ள படி வச்ச பழைய ரூட்மாஸ்டர் பஸ்களை வழமையான ஓட்டத்தில இருந்து எடுத்திட்டாங்க. இப்ப ஓடுறதெல்லாம் தாழ்ந்த தளம். போதாததுக்கு, நடக்க ஏலாதவங்க வந்தா பஸ்ஸே ஒட்டகம் மாதிரி ஒரு பக்கம் மடங்கி நடைபாதைக்குக் கிட்ட வருது. இறங்கிறதுக்குப் பள்ளம் எங்க இருக்கு? அதனாலதானோ என்னவோ, இவங்க ‘கெட் ஒஃப்’ எண்டுதான் சொல்றாங்க. இது என்ட சொந்த ஆராய்ச்சி, மகள் பரீட்சையில எழுதிடாம பார்த்துக்கொள்ளுங்க. குதிரை வண்டிக் காலத்தில இங்கிலீஷ்காரனும் ‘கெட் டவுன்’ ஆகித்தான் இருந்திருக்கான். பழைய நாவல்களில பார்க்கலாம். வண்டி போயிட்டுது, சொல்லை நம்மட்ட விட்டுட்டுப் போயிட்டான்.

பாதாள ரயிலில ஏறினா இன்னொரு கூத்து. அங்க ஒலிபெருக்கி ‘கெட் ஒஃப்’ எண்டும் சொல்லாது. மியூசியத்துக்குப் போறவங்க இங்க ‘அலைட்’ பண்ணுங்க எண்டு சொல்லும். அந்தச் சொல்லை மெஷின் மட்டும்தான் பாவிக்குது, மனுசர் வாயில நான் கேக்கல்ல. கொன்டக்டர் “ரைட், ரைட்!” எண்டா பஸ் வெளிக்கிடும் எண்டு பழகின நம்மட காதுக்கு, ‘அலைட்’ எண்டா ‘ஓல்ரைட், போகலாம்’ எண்டுதான் விழும். ஊரில இருந்து புதுசா வந்தவங்க ரெண்டு பேர் அப்படியே உக்காந்து அடுத்த ஸ்டேஷன் மட்டும் போனதை நான் கண்ணால கண்டேன்.

இனி உங்கட வாகனச் சாமான் வியாபாரம். பஞ்சிகாவத்தையில ‘கெட் டவுன்’ இல்லாம ஒரு கடை நடக்குமா? கியர்பொக்ஸ் ஜப்பானில இருந்து, டயர் சீனாவில இருந்து, வயரிங் பாஸ் காலியில இருந்து, எல்லாமே கெட் டவுன். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்களே, 2025 பெப்ரவரியில தனியார் வாகனங்களுக்குத் திறந்து விடும் வரைக்கும் அந்தச் சொல்லுக்கே பாதி வேலை இல்லாமப் போச்சு. ஆனா இங்க ஒரு வெள்ளைக்காரரிட்ட “என்ட நானா என்ஜின் கெட் டவுன் பண்றவர்” எண்டு சொல்லிப் பாருங்க. ஏணி வச்சு ஏறி, உசந்த ராக்கையில இருக்கிற என்ஜினைத் தோளில தூக்கிக்கொண்டு இறங்கிற ஆள் எண்டு நினைப்பார். உங்கட முதுகுக்கு என்ன பாடு எண்டு விசாரிப்பார். ‘ஓடர் பண்றார்’, ‘இம்போட் பண்றார்’ எண்டு எழுதினா முதுகு தப்பும்.

என்னோட வேலை செய்யிற கொட்டாஞ்சேனைக்காரர் ஒருத்தர் இருக்கார். அந்தோனியார் கோயிலுக்கு நேர்த்தி வச்சு விசா எடுத்தவர், தங்கமான மனுசன். பனிக்காலத்தில நாலு மணிக்கே இருட்டிடும். ஒரு நாள் மனேஜர் வந்து, இந்த இருட்டு உங்களை ‘கெட்டிங் டவுன்’ பண்ணுதா எண்டு அன்பாக் கேட்டார். மனசைச் சோர வைக்குதா எண்டு அர்த்தம். இவர் தான் இறங்கிற ஸ்டேஷனைக் கேக்கிறார் எண்டு நினைச்சு, சிரிச்ச முகத்தோட “நோ சேர், வெம்ப்ளி பார்க்” எண்டார். மனேஜர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்திட்டு, நாளைக்கு லீவு எடுங்க எண்டு சொல்லிட்டுப் போனார். சம்பளத்தோட லீவு! அந்த வினைச்சொல்லால லாபம் கண்ட ஒரே ஆள் அவர்தான்.

பிறகு எங்க ரெண்டு பேரையும் அதே மனேஜர் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். எனக்கு மீன், அவருக்கு எல்லாம். மேசையில அஞ்சு வயசுப் பொடியன் ஒருத்தன். பட்டாணியை மட்டும் கோப்பை ஓரத்தில வரிசையா அடுக்கி வச்சிட்டு, தாயைப் பார்த்து “மே ஐ கெட் டவுன்?” எண்டு கேட்டான். சாப்பிட்டு முடிஞ்சுது, எழும்பலாமா எண்டு உத்தரவு கேக்கிற மரியாதை அது. கொட்டாஞ்சேனைக்காரர் பக்கத்துக் கதிரை. பாவம், பிள்ளைக்கு இறங்க ஏலல்ல எண்டு நினைச்சு, கக்கத்தில கை குடுத்துத் தூக்கி மெதுவா நிலத்தில வச்சார். பொடியனுக்கு அது பிடிச்சுப் போச்சு. திரும்ப ஏறி உக்காந்து திரும்பக் கேட்டான். புட்டிங் வரும் வரைக்கும் இதே வேலை.

பொலிஸ் படத்தில வாற ‘கெட் டவுன்!’ வேற சாதி. அதைக் கேட்டா ஒண்டும் யோசிக்காம நிலத்தில படுக்கச் சொல்லுங்க. இலக்கணத்தைப் பிறகு பார்க்கலாம்.

இதையெல்லாம் வாசிச்சிட்டு மகள்ட கட்டுரையில சிவப்புக் கோடு போடாதீங்க நானா. கொழும்பில இருந்த மைக்கல் மெய்லர் எண்ட இங்கிலீஷ்காரர் 2007இல இலங்கை இங்கிலீஷுக்கே தனி அகராதி போட்டவர். பிழை எண்டு தள்ளாம, இது இந்த நாட்டுப் பேச்சு எண்டு உக்காந்து தொகுத்தார். 2025இல ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியும் நம்ம கொத்து ரொட்டியையும் வட்டலப்பத்தையும் உள்ள எடுத்துது. மதினிட்ட சொல்லுங்க, அவட வட்டலப்பம் இனி இங்கிலீஷ். மகள் ஊரில இருக்கிற மட்டும் தாராளமா கெட் டவுன் ஆகட்டும். ஹீத்ரோவில இருந்து பஸ்ஸுக்கு ‘ஒஃப்’, சாமானுக்கு ‘ஓடர்’. சோர்வு வந்தா மனேஜர் கேக்கக்குள்ள ‘யெஸ்’.

எல்லாருக்கும் சலாம். துஆ செய்யுங்க.

இப்படிக்கு,
உங்கட தம்பி

பி.கு.: கொட்டாஞ்சேனைக்காரர் பழைய டொயோட்டா ஒண்டு வாங்கியிருக்கார். அதுக்கு இடப்பக்க சைட் மிரர் இங்க விலை கேக்க ஏலாது. பஞ்சிகாவத்தையில இருந்து கெட் டவுன் பண்ணலாமா எண்டு கேக்கிறார். மகள்ட பேக்கில இடம் இருந்தா வச்சு விடுங்க, காசை நான் வாங்கி அனுப்புறேன்.