எல்லைக்கல்லை நகர்த்திய கதை

நான் வீடு மாறாமலே மூன்று மாவட்டத்தில் குடியிருந்தவன். பிறந்தது தென்னாற்காடு. 1993-இல் விழுப்புரம் ஆனோம்; 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி. ஒவ்வொரு முறையும் கோடுதான் நகர்ந்தது, திண்ணை அங்கேயே இருந்தது. ஒரே நஷ்டம், ரேஷன் கார்டு இன்னும் விழுப்புரத்தை விட மாட்டேன் என்கிறது. இந்த அனுபவ பலத்தில்தான் லேப்டாப்பிலும் ஒரு கோட்டை நகர்த்தத் துணிந்தேன்.

மகள் பிளஸ் டூ படித்தபோது வந்த விலையில்லா மடிக்கணினி அது. டிஸ்க் 320 ஜிபி என்பார்கள், திறந்தால் 298. செய்பவர் ஆயிரம் ஆயிரமாக அளக்கிறார், விண்டோஸ் 1024 ஆக அளக்கிறது, ஆளுக்கொரு மரக்கால். அதில் சி-க்கு 50, டி-க்கு 200. மிச்சம் 48-இல் பாஸ் லினக்ஸ். சி-டாக் உருவாக்கியது; எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

சி நிரம்பிச் சிவந்துவிட்டது. ஆளில்லாத வீடுதானே என்று பாஸை இடித்து, மனையை சி-க்கு எழுதிவைக்கப் போனேன். 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கிக் கிடந்தது. அமுக்கி அமுக்கி விரல்தான் வலித்தது. காலி இடம் சி-யை ஒட்டி வலப்பக்கம் இருக்க வேண்டுமாம். நடுவில் டி உட்கார்ந்திருக்கிறது. கோபத்தில் அணைத்துப் போட்டேன். கறுப்புத் திரை, 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரே வரி. எந்த வாசல் என்று கேட்டு உள்ளே விடும் வாட்ச்மேன் இத்தனை நாளும் பாஸ் வீட்டில்தான் படுத்திருந்திருக்கிறான்!

அக்கா மகன் வெள்ளிமலைப் பக்கம் வாத்தியார். டவர் கிடைக்கிற வளைவு வரை வண்டியில் வந்து பேசினான். "மாமா, இனி எதையும் தொடாதீங்க. சனிக்கிழமை இறங்கி வரேன்."

வந்தான். பையில் இரண்டு படி சாமை, ஒரு பென்டிரைவ். அதிலிருந்தே லினக்ஸை ஏற்றி, முதல் வேலையாகப் போட்டோக்களையெல்லாம் வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்தான். பிறகு ஜிபார்ட்டடைத் திறந்து, டி-யை அப்படியே பாஸ் இருந்த இடத்துக்குத் தள்ளச் சொன்னான். கோடு நகர்வது கண்ணிமைக்கும் வேலை என்றுதான் நினைத்தேன். உள்ளே குடியிருப்பவர்களை மூட்டை முடிச்சோடு ஒவ்வொருவராகத் தூக்கிவைக்க வேண்டுமாம். மாவட்டம் பிரித்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கல்வராயன் மலையையே வெள்ளிமலை இங்கே, கருமந்துறை சேலத்துக்கு என்று கோடு கிழித்தார்கள். ஒரு மரவள்ளிச் செடியும் இடம் மாறவில்லை.

லேப்டாப் பேட்டரி செத்து ஐந்து வருஷம். "நடுவுல கரண்ட் போச்சுன்னா பாதி ஃபைல் பழைய வீட்ல, பாதி புது வீட்ல. அவ்வளவுதான் மாமா" என்று சொல்லிவிட்டு அவன் தூங்கப் போனான். நான் பிளக்குக்குக் காவல்.

ஆறு மணிக்கு மனைவி வந்தாள், கையில் கிரைண்டர் ஒயர்.

"என்னங்க, அரிசி ஊறி நாலு மணி நேரமாச்சு. அந்த பாயிண்ட்டைக் கழட்டுங்க."

"கழட்டினா உன் கல்யாண போட்டோ போயிடும்."

"நல்லதா போச்சு. அதுல நான் நல்லாவா இருக்கேன்?"

நகல் இருப்பதை அப்போது நான் சொல்லவில்லை. ஒன்பதரைக்கு டி நகர்ந்து முடிந்தது. சி 98 ஆனது. விண்டோஸ் வாசலையும் அவன் சரிசெய்து கொடுத்தான். ஞாயிறு காலை இட்லி இல்லை, சாமை உப்புமா. மூன்று பேரும் பேசாமல் சாப்பிட்டோம்.