நாய் ஏன் சொறிகிறது என்பதைக் கண்டுபிடிக்காமலிருப்பது எப்படி

கண்டியில் நாய் வளர்ப்பவருக்கு ஆலோசனைப் பஞ்சம் கிடையாது. நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு வாவியோரம் ஒரு சுற்று நடந்தால் போதும், “சொறி பிடிச்சிருக்குப் போல” என்று நாலு பேராவது நிறுத்திக் கேட்பார்கள். ஆளுக்கொரு மருந்தும் சொல்வார்கள். எங்கே சொறிகிறது, எப்போது தொடங்கியது, என்ன சாப்பிடுகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்த நல்ல மரபை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கீழே சொன்னபடி நடந்தால், குட்டியில் தொடங்கிய சொறிச்சல் கிழப்பருவம் வரைக்கும் காரணம் தெரியாமலே நீடிக்கும். இதற்கு நேர்மாறாக நடப்பவர்களுக்கு நான் பொறுப்பில்லை.

முதலில், “எங்கட நாய்க்குத் தெள்ளு இல்லை” என்று சொல்லப் பழகுங்கள். டொக்டர் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். உங்கள் குடும்பத்தைப் பற்றி ஏதோ கூடாததைக் கேட்கப்போகிறார் என்பதுபோல் குரலில் கொஞ்சம் மனத்தாங்கலும் இருக்கட்டும். தெள்ளு கண்ணில் படாததே உங்கள் சாட்சி. தெள்ளுக்கடி ஒவ்வாத நாயின் உடம்பில் தெள்ளைக் காண்பதே அரிது, நக்கியும் கடித்தும் அதுவே விழுங்கிவிடுகிறது என்று டொக்டர் விளக்கப் பார்ப்பார். ஒவ்வாமை தெள்ளின் எச்சிலுக்குத்தான், அதனால் சில கடிகளே போதும் என்பார். வாலடி, இடுப்பின் மேற்புறம், பின்தொடை ஆகிய இடங்களில் மயிர் கொட்டியிருந்தால் முதலில் தெள்ளைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பார். ஆகவே அந்த இடங்களைப் பார்க்காதீர்கள். பேன் சீப்பால் வாரி, விழுகிற கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் துணியில் போட்டால், தெள்ளின் எச்சம் சிவப்பாகக் கசியும். உள்ளே இருப்பது உங்கள் நாயின் இரத்தம். இது காசு செலவில்லாத சோதனை என்பதால் மிக ஆபத்தானது. வெள்ளைத் துணியை எட்டாத இடத்தில் வையுங்கள்.

அப்படியும் தெள்ளு அகப்பட்டுவிட்டால் பதற வேண்டாம். நாய்க்கு மட்டும், ஒரே ஒரு மாதம் மருந்து கொடுத்துவிட்டு நிறுத்துங்கள். நாயின் மேல் துள்ளும் வளர்ந்த தெள்ளு மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் ஏறத்தாழ 5 வீதம்தான். மிச்சமெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் சோபா இடுக்கிலும் கால்மிதியிலும் கட்டிலுக்கடியிலும் காத்திருக்கின்றன. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது முட்டை வரை இடும். கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் பொறுமையாக இருக்கும். இந்த விஷயத்தில் உங்களைவிட அதற்குப் பொறுமை அதிகம். வீட்டுப் பூனையையும் கணக்கில் எடுக்காதீர்கள், உலகெங்கும் நாய்களில் அதிகமாகக் காணப்படும் தெள்ளின் பெயரே பூனைத்தெள்ளு என்றாலும். (இந்த இடத்தில் மட்டும் வேடிக்கை இல்லை: பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனைமேல் போட்டால் பூனை செத்தும் போகலாம்.)

கண்டிக்காரர்களுக்கு இதில் இயற்கையின் ஒத்தாசையும் உண்டு. நுவரெலியாவின் குளிர் இங்கே இல்லை. கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றர் உயரம், வருடம் முழுக்கப் பெரும்பாலும் 20 முதல் 30 பாகைக்குள் வெப்பம், இரண்டு பருவமழைக்கும் இடையில் காயாத ஈரம். சுற்றுலாக்காரர்களுக்காகக் கண்டியின் காலநிலையைப் புகழ்ந்து எழுதுகிறார்களே, அதில் ஒரு வரியையும் தெள்ளு மறுக்காது. குளிர்நாட்டு நாய்க்காவது பனிக்காலத்தில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அம்பிட்டிய நாய்க்கும் கட்டுகஸ்தோட்டை நாய்க்கும் அந்தப் பாக்கியம் இல்லை.

அடுத்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். காலையில் புது ஷாம்பு, மத்தியானம் புதுச் சாப்பாடு, பின்னேரம் வேப்பெண்ணெயும் மஞ்சளும், இரவு தெள்ளு மாத்திரை, வெள்ளிக்கிழமை கட்டுகலைப் பிள்ளையாருக்கு நேர்த்தி. சொறிச்சல் குறைந்தால் எதனால் குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவருடைய வைத்தியத்துக்கே பெயர் போய்ச் சேரும். கராஜிலிருந்து கழிவு எஞ்சின் ஒயில் கொண்டுவந்து பூசச் சொல்லி ஒருவர் கட்டாயம் வருவார். பரம்பரை பரம்பரையாகச் சொறிநாய்களின் முதுகில் ஊற்றிவரும் விஷம் அது. தோல் வழியாகவும் நக்குவதாலும் உள்ளே போகும். மண்ணெண்ணெயும் அப்படித்தான். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நாயைப் பார்த்து அவசரமாக முடிவு கட்டுவதில் இந்தத் தீவுக்குப் பழைய பெருமை உண்டு. மகாவம்சத்தில் இளவரசன் விஜயனின் ஆள் ஒருவன் ஒரு பெட்டை நாயைக் கண்டதும், நாய் இருந்தால் ஊரும் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பின்னால் போனான். இளவரசன் தடுத்தும் கேட்கவில்லை. நாய் வடிவில் வந்தது யக்கினி. இன்று நாம் ஒரு மயிர் கொட்டிய இடத்தைக் கண்டதும் “இது கோழி இறைச்சிச் சூடு” என்று பின்னால் போகிறோம்.

ஸ்டீரொய்ட் இல்லாமல் இந்த வழிகாட்டி பூரணமாகாது. பிரெட்னிசொலோன் நல்ல மருந்து. தெரிந்தவர் கையில், அளவோடு, ஒரு நோக்கத்தோடு கொடுத்தால் அரிப்பால் இரவிரவாகத் தூங்காத நாயைத் தூங்க வைக்கும். ஆனால் நமக்கு அது வேறு காரணத்துக்காகத் தேவை. பெரும்பாலான ஒவ்வாமைகளில், காரணம் தெள்ளோ தூசியோ, சில நாட்களில் அரிப்பை அடக்கிவிடும். காரணம் இருந்த இடத்திலேயே இருக்கும், தேட வேண்டிய அவசரம் மட்டும் போய்விடும். நாய் அதிகம் தண்ணீர் குடிக்கும், வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும், கிருமித்தொற்று சுலபமாகப் பிடிக்கும். அதற்கும் தனித்தனியாகக் காரணம் தேடி இன்னும் சில மாதங்களைப் போக்கலாம். பழைய சீட்டைக் காட்டிப் பார்மசியில் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்து, ஒரு நாள் திடீரென நிறுத்துவது ஆபத்து என்று டொக்டர்மார் சொல்வார்கள்.

தோலைச் சுரண்டிப் பார்க்க விடாதீர்கள். பிளேட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவி, இரத்தம் லேசாகப் பொடிக்கும் வரை சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். மயிர்க்கால்களுக்குள் ஒளிந்திருக்கும் டெமொடெக்ஸ் சிற்றுண்ணி அதில் தெரிந்துவிடும். “ஐயோ பாவம்” என்று நாயை வாரி அணைத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். சிரங்குச் சிற்றுண்ணி விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம் அதிகம். அது இருந்தாலும் சுரண்டலில் பலமுறை அகப்படாது. அதனால்தான் காது விளிம்பும் முழங்கையும் சொரசொரத்திருந்தால், காது விளிம்பைத் தேய்க்கும்போது பின்னங்கால் தானாக உதறினால், பூச்சி தெரியாமலேயே மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். வீட்டாருக்கும் கையிலும் வயிற்றிலும் சிவப்புப் புள்ளிகள் வந்து கடித்தால் “மழைக்காலம்தானே” என்று சொல்லி, அதை நாயோடு தொடர்புபடுத்தாமல் விடுங்கள்.

பக்டீரியாவும் ஈஸ்டும் சொறிந்த தோலில் பிறகு குடியேறுபவை. நாற்றம் அவற்றுடையது, குற்றம் பெரும்பாலும் வேறொன்றுடையது. அன்டிபயோட்டிக்கைப் பாதியில் நிறுத்தி, மிச்சத்தை அடுத்த முறைக்கு எடுத்து வையுங்கள்.

கண்டியில் இருப்பதில் ஒரு பெரிய சங்கடம், விஷயம் தெரிந்தவர்கள் மிகக் கிட்டத்தில் இருப்பதுதான். இந்த நாட்டின் மிருக வைத்தியர்களில் பெரும்பாலோர் படித்து வெளிவந்த பீடம் பேராதனையில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலையும் அங்கேதான். கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம் கெட்டம்பேயில், மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் கன்னொறுவையில். எல்லாம் ஓர் ஓட்டோ தூரம். இவ்வளவு நெருக்கத்திலும் அறியாமையைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு: ஒவ்வொரு முறையும் வேறொரு டொக்டரிடம் போங்கள், முந்தின சீட்டுகளைக் கொண்டு போகாதீர்கள். ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்குவார், ஒருவரும் இரண்டாம் கட்டத்துக்குப் போகமாட்டார்.

எடுத்த எடுப்பில் தூசியையும் காற்றையும் பழி சொல்வது இப்போது நாகரிகமாகிவிட்டது. தூசிச் சிற்றுண்ணிக்கும் மகரந்தத்துக்கும் பூஞ்சைக்கும் ஒவ்வாமை நாய்களுக்கு உண்மையிலேயே வரும், பெரும்பாலும் மூன்று வயதுக்குள். சூரிச்சைச் சேர்ந்த குளோட் பாவ்ரோ குழுவினர் 2010இல் அதற்கு எட்டு அடையாளங்களைத் தொகுத்தார்கள். முன்பாதமும் காதுமடலும் பாதிக்கப்பட்டிருக்கும், ஆனால் காது விளிம்பும் முதுகின் பின்பகுதியும் தப்பியிருக்கும் என்பவை அவற்றுள் சில. இந்த முடிவுக்கு மற்ற எல்லாவற்றையும் தள்ளிய பிறகே வர வேண்டும். இரத்தச் சோதனையால் தனியாக அதை நிரூபிக்க முடியாது. எந்தப் பொருளின் ஒவ்வாமைக்கு எதிராக ஊசி போடுவது என்று தெரிவுசெய்யத்தான் அது உதவும். நீங்கள் முதலாவதாக இங்கே வந்துவிடுங்கள். சிவப்புச் சீமெந்துத் தரைக்குப் போடும் பொலிஷையும் முற்றத்துப் புல்லையும் அதே மூச்சில் குற்றவாளியாக்குங்கள், புல்லைப் பிடுங்குங்கள், பொலிஷை மாற்றுங்கள். தெள்ளுக்கு எந்த இடைஞ்சலும் வராது.

இனிச் சாப்பாடு. காரணம் தெரிந்துவிடக்கூடிய மிகப் பெரிய அபாயம் இங்கேதான் இருக்கிறது. உணவு ஒவ்வாமைக்கு நம்பத்தக்க இரத்தச் சோதனையோ எச்சில் சோதனையோ இல்லை. நாய் இதுவரை ருசி பார்க்காத ஒரு புரதமும் ஒரு மாவுப் பொருளும் மட்டும் கொடுத்து எட்டு வாரம் பார்ப்பதே வழி. உணவு ஒவ்வாத நாய்களில் 80 வீதத்துக்கு மேல் ஐந்து வாரத்தில் தேறிவிடும், எட்டு வாரத்தில் 90 வீதத்தைத் தாண்டும் என்று 2015இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அடுத்த வருடம் வந்த இன்னொன்று, 297 நாய்களை எடுத்து, மாட்டிறைச்சி 34 வீதம், பால் 17, கோழி 15, கோதுமை 13 என்று குற்றவாளிகளை வரிசைப்படுத்தியது. அவை வேறு நாட்டு நாய்கள் என்று தட்டிக்கழிக்கலாம். நம் வீட்டு நாயின் காலைச் சாப்பாடு பாணும் பால்மாத் தேத்தண்ணியும் என்பதை நினைவுபடுத்தாதீர்கள்.

கண்டியில் ஒரு நாய் ருசி பார்க்காத பொருள் எது? கோழிக்கால், மாட்டு எலும்பு, தீபாவளி ஆட்டிறைச்சி, நெத்தலிக் கருவாடு, டின் மீன், சோயா மீட், பருப்பு எல்லாம் ஆகிவிட்டது. யோசித்து யோசித்து, விக்டோரியா நீர்த்தேக்கத்துத் திலாப்பியாவும் உருளைக்கிழங்கும் என்று டொக்டர் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். முள்ளெடுத்து, உப்பும் வெங்காயமும் இல்லாமல் தனிச்சட்டியில் அவிக்க வேண்டும். பன்றி இறைச்சி என்று சொல்லியிருந்தால் போயாவுக்கு முதல்நாளே வாங்கிவைக்க வேண்டும், போயாவன்று இறைச்சிக்கடை திறக்காது.

பண்டிகை இல்லாத எட்டு வாரத்தைத் தேடிப் பாருங்கள். சித்திரைப் புத்தாண்டு முடிந்தால் வெசாக், தெருவுக்குத் தெரு தன்சல். பிறகு பொசன். பிறகு பெரஹெரா, வீடு நிறைய விருந்தாளிகள். பிறகு தீபாவளி, நத்தார், பொங்கல். ஆகவே சோதனையைத் தள்ளிப்போட உங்களுக்கு வருடம் முழுக்க நியாயம் உண்டு.

தொடங்கியே தீருவேன் என்பவர்கள், வீட்டாரை எல்லாம் கூட்டிச் சத்தியம் வாங்குங்கள். சத்தியம் யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் வாங்கியது திருப்தி தரும். பக்கத்து வீட்டு அன்ரியிடம் சத்தியம் வாங்க மறந்துவிடுங்கள். வேலிக்கு மேலால் வரும் ஒரு மாரி பிஸ்கட்டில் கோதுமையும் பாலும் இருக்கும். மாட்டிறைச்சிச் சுவையூட்டிய மென்மாத்திரையை மருந்துதானே என்று கொடுங்கள். கசப்பு மாத்திரையைப் பாணுக்குள் ஒளித்துக் கொடுங்கள். குப்பைக் கூடையைத் திறந்தே வையுங்கள். தாத்தா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கைகழுவப் போகும்போது நாயும் ஏன் கூடவே எழுந்து போகிறது என்று விசாரிக்க வேண்டாம், வயசானவரை அவமதித்ததாகிவிடும்.

எட்டாவது வாரம் டொக்டர் ஒரு கொடூரமான காரியம் சொல்வார். சொறிச்சல் குறைந்திருந்தால் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுங்கள் என்பார். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு மீண்டும் வந்தால்தான் சாப்பாடே காரணம் என்று உறுதியாகும், பிறகு கோழி தனியாக, மாடு தனியாக, பால் தனியாகக் கொடுத்துப் பிரித்தறிய வேண்டும். குறையாவிட்டால் சாப்பாட்டை விட்டுத் தூசியின் பக்கம் திரும்பலாம், ஆனால் எட்டு வாரமும் விதிப்படி நடந்திருக்க வேண்டும். வீட்டில் பெரிய விவாதம் நடக்கும். சுகமாயிருக்கிற நாயை ஏன் சொறிய வைக்க வேண்டும் என்பாள் மகள். இவ்வளவு பாடுபட்டதற்கு முடிவு தெரிய வேண்டாமா என்பீர்கள் நீங்கள். தாத்தா மட்டும் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல், “கோழிக்கெல்லாம் அதுக்கு ஒண்டும் வராது, சோதிக்கத் தேவையில்லை” என்பார். அவருக்கு எப்படி அவ்வளவு நிச்சயமாகத் தெரியும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.