பிரேக் சர்வோவுக்கு வரன் பார்ப்பது

அறுபதுகளில் பிறந்த பிரிட்டிஷ் கார் ஒன்றுக்கு இன்றைக்கு மாற்று பிரேக் சர்வோ தேடுவது, வயது முற்றிய மாப்பிள்ளைக்குப் பெண் பார்ப்பதைப் போன்றது. தரகர் எந்த வரனைக் கொண்டு வந்தாலும் 'கச்சிதமாகப் பொருந்தும்' என்றுதான் சொல்லுவார். உதிரிபாக வியாபாரத்தில் இதே வரனுக்கு 'யுனிவர்சல்' என்று பெயர். ஜாகுவார் மார்க் 2-க்கும் ஆகும், எம்ஜிபி-க்கும் ஆகும், டிரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கும் ஆகும், ஸ்வீடன்காரரான வால்வோ அமேசானுக்கும் ஆகும். இப்படி எல்லாருக்கும் ஆகிற ஒருவர் இன்னும் ஏன் கடை அலமாரியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. போல்ட் ஏறுகிறது, குழாய் எட்டுகிறது என்பதையெல்லாம் பொருத்தம் என்று ஒப்புக்கொள்ள நான் தயாராக இல்லை. சர்வோவின் ஜாதகம் அழுத்தக் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பத்துக்கு எட்டுத் தடவை, ஏற்கெனவே வீட்டில் இருக்கிற பழைய சர்வோவையே சிகிச்சை செய்து வைத்துக்கொள்வதுதான் நல்லது என்று விடை வரும்.

சர்வோ என்பது நம்மூர் மெக்கானிக்குகள் 'பூஸ்டர்' என்று சொல்லும் அதே சாமான்தான். இது எதற்கு வந்தது என்று தெரிந்தால்தான் எது மாற்று என்று தெரியும். டிரம் பிரேக்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு: சுழலும் டிரம்மே முன்பக்க ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். மிதிப்பவரின் வேலையில் பாதியைச் சக்கரமே பார்த்துவிடும். அம்பாசடர்கள் நான்கு சக்கரத்திலும் டிரம்மை வைத்துக்கொண்டு, பூஸ்டர் என்ற பேச்சே இல்லாமல் பல ஆண்டுகள் ஓடியது இந்தத் தயவில்தான். டிஸ்க் பிரேக்குக்கு அந்தத் தாராள மனசு கிடையாது. எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் பிடிக்கும். 1953-இல் லெ மான் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் ஜெயித்தது. அடுத்த பத்தாண்டில் டிஸ்க் சாதாரணக் கார்களுக்கும் இறங்கி வந்தது. பந்தயக்காரரின் காலுக்குச் சரியாக இருந்த பெடல் குடும்பஸ்தரின் காலுக்குக் கனத்தது. பெல்ஜியத்துப் பொறியாளர் ஆல்பர்ட் தேவாந்த்ர் 1920களிலேயே உருவாக்கியிருந்த வெற்றிட சர்வோவுக்கு அப்போதுதான் வீட்டுக்கு வீடு வேலை கிடைத்தது. உள்ளே நடப்பது எளிய விஷயம். பெரிய டப்பா ஒன்றின் நடுவில் ஒரு டயாப்ரம். இரு பக்கமும் இன்ஜின் உறிஞ்சிய வெற்றிடம். பிரேக்கை மிதித்ததும் ஒரு பக்கத்துக்கு மட்டும் வெளிக்காற்று நுழைகிறது. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ என்பது காற்றின் கனம். இன்ஜினின் வெற்றிடம் அதில் மூன்றில் இரண்டு பங்கைப் பயன்படுத்தக் கொடுக்கும். 18 சென்டிமீட்டர் அகல டயாப்ரத்துக்கு ஏறக்குறைய 170 கிலோ தள்ளுவிசை. பருமனான சம்பந்திகள் இருவர் சேர்ந்து மிதித்த மாதிரி.

இனி ரஜ்ஜுப் பொருத்தம். மற்ற ஒன்பதும் இருந்து இது ஒன்று இல்லையென்றாலும் ஜோசியர் நோட்டை மூடிவிடுவார். ஆயுள் சம்பந்தப்பட்ட விஷயம். பிரேக்கிலும் ஆயுள் சம்பந்தப்பட்டதுதான். பல பிரிட்டிஷ் கார்களில் சர்வோ பெடலோடு ஒட்டியிருக்காது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து புறப்படும் குழாயின் நடுவே, இன்ஜின் அறையின் ஏதோ ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கும். டயாப்ரம் தள்ளும் விசையை பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றுவது அதன் மூக்கில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர். இந்த ஸ்லேவின் துளைதான் ரஜ்ஜு. துளை முக்கால் அங்குலம் இருந்த இடத்தில் ஐந்தெட்டு அங்குலம் வந்தால் வித்தியாசம் ஒரு அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குதான். தரகர் இதைச் சொல்லவே வெட்கப்படுவார். ஆனால் அழுத்தம் துளையின் பரப்பளவைப் பார்த்து நடப்பது. அதே டப்பா, அதே காற்று, சர்வோ சேர்க்கும் அழுத்தம் மட்டும் 44 சதவீதம் கூடிவிடும். வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

கூடினால் நல்லதுதானே, கார் சீக்கிரம் நிற்குமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காரை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் இடையிலான பிடிப்பு. சர்வோ கால்வலியைத்தான் குறைக்கும். பிடிப்பில் ஒரு துளி கூட்டாது. சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு மிதிக்கக்கூடிய ஒருவருக்குச் சர்வோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் கார் நிற்கும் தூரம் ஒன்றுதான். அளவு மீறிய சர்வோ வைத்தால் அந்தப் பூட்டும் எல்லை கட்டைவிரல் நுனிக்கு வந்துவிடும். காருக்கு ஏபிஎஸ் கிடையாது. அழுத்திப் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்ந்து பின்சக்கரங்கள் லேசாகிவிடும். பல கார்களில் அங்கே இருப்பதோ தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும் நம் பழைய நண்பர் டிரம். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் வந்த வழியையே திரும்பிப் பார்க்கும். மனிதர்களுக்கு அது நல்ல பழக்கமாக இருக்கலாம், மழைநாளில் காருக்கு ஆகாது.

மற்றப் பொருத்தங்களிலும் வஞ்சகம் உண்டு. பழைய பிரிட்டிஷ் குழாய் நட்டின் விட்டம் எட்டில் மூன்று அங்குலம், அதாவது 9.5 மில்லிமீட்டர் சொச்சம். இன்றைய மெட்ரிக் துளை 10 மில்லிமீட்டர். மறையின் இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றே. முற்றிலும் பொருந்தாத நட்டு உள்ளேயே போகாது. அதனால் ஆபத்தும் இல்லை. இதுவோ சில சுற்று ஏறி, இறுகியது போல நடித்து, ஒருநாள் பலமாக மிதிக்கும்போது பிடுங்கிக்கொண்டு வரும். பிரேக் ஆயிலும் கோத்திரம் பார்க்கும். கர்லிங், லாக்ஹீட் கம்பெனிச் சர்வோக்களின் ரப்பர் வாசர்கள் கிளைக்கால் வகை ஆயிலுக்குப் பழகியவை. பழைய சிட்ரோயன் கார்கள் குடிக்கும் பச்சை நிறக் கனிம எண்ணெயை இதில் விட்டால் ரப்பர் ஊதிப் பெருத்து, பிடித்த பிரேக்கை விடவே விடாது. பெயரை வைத்தும் முடிவு கட்ட முடியாது. கர்லிங்கிலேயே மார்க் 2ஏ, மார்க் 2பி என்று ஓர் எழுத்து வித்தியாசத்தில் இருவர் உண்டு. ஒருவருடைய ரப்பர் கிட் மற்றவருக்கு உதவாது.

அப்படியானால் அதே கம்பெனியின் அசல் உருப்படியையே வாங்கிவிடலாமே என்பார்கள். கம்பெனி எங்கே? கர்லிங் லூகாஸ் குடும்பத்துப் பிள்ளை. லூகாஸ் 1996-இல் வாரிட்டியோடு கலந்தது. அந்தக் கூட்டுக் குடும்பத்தை 1999-இல் டிஆர்டபிள்யூ வாங்கியது. டிஆர்டபிள்யூவை 2015-இல் ஜெர்மனியின் இசட்எஃப் வாங்கியது. 1964-ஆம் வருஷத்துச் சர்வோவுக்கு வாசர் வேண்டும் என்று இன்று ஜெர்மனிக் கதவைத் தட்டுவது, விற்றுப் போன பூர்வீக வீட்டில் போய் பாட்டியின் அஞ்சறைப் பெட்டி கேட்பதாகத்தான் முடியும். (லூகாஸ் 1962-இல் நம் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியாவுக்குத் துணை நின்ற கதை தனி. அந்தக் கிளை செழித்தது, ஆனால் ஆஸ்டன் மார்ட்டின்காரர்கள் பாடிக்கு வந்து வரிசையில் நிற்க முடியாது.) பெட்டியே பிரிக்காத பழைய சரக்கு எப்போதாவது கிடைக்கும், பார்த்ததும் ரசிகர்கள் உருகிப் போவார்கள். பிரிக்காத பெட்டிக்குள்ளும் ரப்பருக்கு வயதாகிறது. ஐம்பது வருஷம் அலமாரியில் காய்ந்த வாசர் பார்வைக்குக் கன்னிப் பெண், தொட்டால் அப்பளம்.

புதிதாகத் தயாராகும் மாற்றுச் சர்வோக்களை நான் முழுக்கத் தள்ளவில்லை. லாக்ஹீட் அச்சில் வார்த்த, 1.9 மடங்கு அழுத்தம் தருகிறேன் என்று முகத்துக்கு நேரே எண்ணைச் சொல்லும் உருப்படிகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் பிபிஆர் செய்த விஎச்44 பல பிரிட்டிஷ் கார்களில் ஒழுங்காகக் குடித்தனம் நடத்துகிறது. எண் சொல்பவரோடு பேசலாம். பழைய எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் முகூர்த்தமும் குறிக்கலாம். அப்போதும் இரண்டு குழாய்ப் பாதைக்கு இரண்டு சர்வோ வைத்த ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 போன்ற வீடுகளில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், இரண்டு மருமகள்களையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டிய வீடு அது. நவீன காரின் பெரிய பூஸ்டரைப் பெடலோடு நேராகப் பொருத்திவிடலாம் என்பவர்களுக்கு: 3.8 லிட்டர் ஜாகுவார் இ-டைப்பின் துருத்தி வடிவ கெல்சி-ஹேஸ் சர்வோவை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். பெடலின் நெம்புவிகிதத்தையும் மாஸ்டர் சிலிண்டரையும் அதையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒன்றை மாற்றினால் மூன்றையும் மாற்ற வேண்டும்.

பழுது பார்க்கச் செலவு அதிகம் என்பது உண்மைதான். தேய்ந்த ஸ்லேவ் துளைக்குள் துருப்பிடிக்காத எஃகுக் குழல் இறக்கி அசல் அளவுக்குக் கொண்டுவரவும் புது ரப்பர் போடவும் கைதேர்ந்தவர்கள் வேண்டும். அவர்கள் சும்மா செய்ய மாட்டார்கள். ஆனால் துளையின் அளவு மாறாததால் வடிவமைத்தவர் போட்ட கணக்கு அப்படியே நிற்கிறது. இந்த உத்தரவாதத்தை எந்த யுனிவர்சலும் தரவில்லை. ஆயில் குறைந்துகொண்டே போகிறது, காரின் அடியில் ஒரு சொட்டும் இல்லை, சைலென்சரில் வெள்ளைப் புகை என்றால் சர்வோவின் வாசர் கிழிந்து இன்ஜின் பிரேக் ஆயிலைக் குடிக்கிறது என்று பொருள். அதோடு ஓட்டிப் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். பிரிட்டனில் 40 வயது கடந்த, பெரிதாக மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 மே முதல் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. நீங்கள் பூட்டியது சரியா என்று பார்க்க அரசாங்கம் வராது. ஆகவே வாங்கும் முன் விற்பவரிடம் ஸ்லேவ் துளை எத்தனை அங்குலம், அழுத்தம் எத்தனை மடங்கு என்று கேளுங்கள். 'எல்லாக் காருக்கும் போடலாம் சார்' என்று பதில் வந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.